‘பரவாயில்லை மேடம்’ என்ற பதிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள்: கிளையன்ட் தேறுகிறாரா என்று அளந்து பார்க்கப் புதிய கவுன்சிலர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகக் கவுன்சிலிங் தொடங்கியபோது, முதல் இரண்டு வருடம் ஒரு கிளையன்டுக்குக்கூட நான் நிலையை அளக்கும் கேள்விப் படிவம் கொடுத்ததில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தாளை நீட்டினால் மனசு விட்டுப் பேச வந்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததுபோல் விறைத்துப்போவார் என்றும் நினைத்தேன்.

அப்போது என்னிடம் ஒரு பெண் எட்டு வாரம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஒவ்வொரு வாரமும் “இப்பப் பரவாயில்லை மேடம்” என்பார். என் குறிப்பேட்டில் எட்டு வாரமும் ‘முன்னேற்றம்’ என்றே எழுதிவைத்திருக்கிறேன். ஒன்பதாவது வாரம் அவர் வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, வேறு இடத்தில் மருந்து எடுத்துத் தேறியபிறகு, என்னைப் பார்க்க வந்தார். “அப்ப எனக்குத் தூக்கமே கிடையாது மேடம். நீங்க அவ்வளவு அக்கறையாப் பேசுனீங்க. சரியாகலைன்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லலை” என்றார்.

அதற்கப்புறம்தான் அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். படிவம், உரிமம், மொழிபெயர்ப்பு, ஃபைல் என்று எல்லாவற்றிலும் தப்புப் பண்ணி, சரியாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நீங்கள் ஒரு மாதத்தில் தொடங்கிவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. படிவத்தைத் தேடும் முன் உங்கள் தயக்கத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். படிவத்தை டவுன்லோட் செய்து, நூறு பிரதி எடுத்து, மூன்றாவது வாரத்தில் டிராயரில் போட்டுப் பூட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். நானும் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். படிவத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

ஒரு தாளில் உங்கள் தயக்கங்களை எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: ‘நேரம் போய்விடும்’, ‘உறவு கெட்டுவிடும்’, ‘மனசை எண்ணால் அளக்க முடியாது’, ‘எனக்கே தெரியும், எதற்குத் தாள்?’ கடைசியாக, எழுதக் கை வராமல் எழுதியது: ‘மதிப்பெண் குறையாவிட்டால் நான் நல்ல கவுன்சிலர் இல்லை என்று ஆகிவிடுமோ?’ மற்ற நான்கும் இந்தப் பயத்துக்குப் போட்ட போர்வைகள்தான் என்று பிற்பாடு புரிந்தது.

‘எனக்கே தெரியும்’ என்பதற்கு மட்டும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட்டின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 550 கிளையன்டுகளில் யாருடைய நிலை மோசமாகி முடியும் என்று அவர்களின் சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். சிகிச்சையாளர்கள் சுட்டிக்காட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த 3 பேரில் சரியாக அமைந்தது ஒருவர் மட்டும். 2012-ல் வந்த இன்னொரு ஆய்வில், மனநலத் துறையினர் 129 பேரிடம் தங்கள் திறமையைச் சக தொழிலாளர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்னார்கள். சராசரிக்குக் கீழே தன்னை வைத்தவர் ஒருவர்கூட இல்லை. இவர்கள் யாரும் கெட்டவர்களோ அக்கறை இல்லாதவர்களோ கிடையாது. உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது நம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது.

நீங்கள் தயங்குவது விசேஷமான குறையும் இல்லை. 2018-ல் அமெரிக்காவில் 504 சிகிச்சையாளர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் முன்னேற்றத்தை அளப்பது நல்லது என்றார்கள். ஆனால் 61.5 சதவீதம் பேர் தரப்படுத்திய படிவம் எதையும் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் 13.9 சதவீதம்தான்.

அதே சமயம் பலனைப் பெரிதாக ஊதிச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 58 ஆய்வுகளைத் திரட்டி 2021-ல் வந்த தொகுப்பாய்வின்படி, இப்படி அளந்து சிகிச்சையாளருக்குத் தெரிவிப்பதால் அறிகுறிகளில் வரும் கூடுதல் முன்னேற்றம் சிறியதுதான். பாதியில் நின்றுபோகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது விஷயமே போதும். சொல்லாமல் நின்றுபோன ஒருவரை நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நெதர்லாந்தில் கிம் டி யோங் குழுவினர் 2012-ல் கண்டது இது: அளவீட்டைப் பயன்படுத்த உண்மையிலேயே மனம் வைத்த சிகிச்சையாளர்களிடம்தான், சரியாகத் தேறாமல் இருந்த கிளையன்டுகளுக்குப் பலன் கிடைத்தது. கடமைக்குத் தாளை வாங்கி ஃபைலில் செருகினால் ஜெராக்ஸ் செலவுதான் மிச்சம்.

2. ஒரே ஒரு படிவத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்தில் ஐந்தாறு படிவங்களைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களோடு தனியாக வேலை செய்பவருக்கு என் சிபாரிசு பிஎச்க்யூ-9, ஜிஏடி-7 இரண்டும்தான்.

பிஎச்க்யூ-9 மனச்சோர்வுக்கானது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, மொத்தம் 0 முதல் 27. ஜிஏடி-7 பதற்றத்துக்கானது. ஏழு கேள்விகள், 0 முதல் 21. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, முன் அனுமதியும் வேண்டாம். நகலெடுத்துப் பயன்படுத்தலாம். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 2008-ல் தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டத்தில் ஒவ்வொரு செஷனிலும் இந்த இரண்டையும்தான் நிரப்பவைக்கிறார்கள். அதனால் எந்த மாற்றத்தை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தெளிவான அளவுகோல் இருக்கிறது. அதை எட்டாவது படியில் சொல்கிறேன்.

உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத் தகராறு, வேலை, உறவு என்று வருகிறார்களா? அறிகுறிகளைக் கேட்கும் படிவம் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஸ்காட் மில்லரும் பேரி டங்கனும் உருவாக்கிய ஓஆர்எஸ் என்ற படிவம் அங்கே நன்றாக வரும். நான்கே நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். தன் நலம், நெருங்கிய உறவுகள், வேலையும் வெளியுலகமும், மொத்தத்தில் எப்படி என்று கிளையன்ட் கோட்டின் மேல் ஒரு குறி போடுவார். ஸ்கேல் வைத்து அளந்து கூட்டினால் 40-க்கு மதிப்பெண். தனியாகத் தொழில் செய்பவர் இணையத்தில் பதிவு செய்து காகித வடிவத்தை இலவசமாகப் பெறலாம். நிறுவனத்துக்கு என்றால் கட்டணம் உண்டு. பதிவு செய்யாமல் நண்பரிடம் வாங்கி நகலெடுப்பது உரிம மீறல். நான் தெரியாமல் அதைத்தான் செய்தேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

கோர்-10 பத்துக் கேள்விகள் கொண்டது. கட்டணம் இல்லை, ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. லாம்பர்ட் உருவாக்கிய ஓக்யூ-45 ஆழமானது. கேள்விகள் 45, உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் வருடத்தில் அது உங்களுக்குத் தேவைப்படாது.

பொறி: மதிப்பெண்ணின் திசை. பிஎச்க்யூ-9-லும் ஜிஏடி-7-லும் எண் கூடினால் நிலை மோசம். ஓஆர்எஸ்ஸில் எண் கூடினால் நல்லது. இரண்டையும் ஒரே கிராஃபில் போட்டு நான் ஒரு மாதம் குழம்பியிருக்கிறேன்.

3. தமிழ்ப் படிவத்தை நீங்களே மொழிபெயர்க்காதீர்கள்

‘ஒன்பது கேள்விதானே, ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம்’ என்று உட்கார்ந்தேன். ‘ஆர்வம் இல்லாமல்’ என்று நான் எழுதியதை ஒரு அம்மா ‘ஆசை இல்லாமல்’ என்று எடுத்துக்கொண்டு, “எனக்கு எதுக்கும்மா ஆசை இந்த வயசுல?” என்று கேட்டார். அவர் போட்ட எண்ணுக்கு அப்புறம் பொருளே இல்லாமல் போனது.

பிஎச்க்யூ-9, ஜிஏடி-7 படிவங்களை வழங்கும் இணையதளத்திலேயே மொழி வாரியாகப் பட்டியல் இருக்கிறது, தமிழும் அதில் உண்டு. பிடிஎஃப்-ஆக இறக்கி அப்படியே அச்சிடுங்கள். சில வரிகள் கொஞ்சம் ஏட்டுத்தமிழாகத் தோன்றும். திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தாதீர்கள். புரியவில்லை என்றால் வாயால் விளக்கலாம், தாளில் இருப்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்களையும் முழுதாக வாசிக்க வேண்டும். ‘இது இல்லைதானே?’ என்ற குரலில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும். வாசித்துக் காட்டியதாகத் தாளின் மூலையில் குறித்துவிடுங்கள், அடுத்த முறையும் அதே மாதிரி செய்யுங்கள்.

ஓஆர்எஸ் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெராக்ஸ் கடையில் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்ற செட்டிங்கில் அச்சிட்டால் 10 சென்டிமீட்டர் கோடு சுருங்கிவிடும். ஒரு கட்டு முழுக்க எனக்கு அப்படி வீணானது. ஒரு தாளை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லி, கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

4. ஆவணங்களும் செலவும்

ஒரு கிளையன்டுக்கு ஒரு ஃபைல். அதில் இருக்க வேண்டியவை: ஒப்புதல் தாள், படிவங்கள் தேதி வரிசையில், ஒவ்வொரு செஷனின் மொத்த எண்ணையும் குறிக்க முன்பக்கம் ஒரு கிராஃப் தாள். அவ்வளவுதான். செஷன் குறிப்புகளை வேறு நோட்டில் வையுங்கள்.

ஒப்புதல் தாளில் நான் வைத்திருக்கும் வரிகள் ஐந்து: இந்தப் படிவத்தை எதற்காகத் தருகிறோம், யார் பார்ப்பார்கள், எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்போம், நிரப்ப மறுத்தாலும் கவுன்சிலிங் தொடரும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது. கையெழுத்து, தேதி. ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ம் பிரிவில் ரகசியத்தையும், 25-ம் பிரிவில் மனநலப் பிரச்சினை உள்ளவர் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையையும் சொல்கிறது. உங்கள் பட்டம் சட்டத்தின் வரையறைக்குள் வந்தாலும் வராவிட்டாலும் இதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் கேட்டால் கூசாமல் காட்டக்கூடிய தாளை மட்டுமே ஃபைலில் வையுங்கள்.

செலவு? இரண்டு படிவங்களையும் ஒரே தாளின் இரு பக்கமும் எடுத்தால் நான் போகும் கடையில் 3 ரூபாய். 20 கிளையன்ட், ஆளுக்குப் பத்து செஷன் என்றால் 200 தாள், 600 ரூபாய். அட்டை ஃபைல் 15 ரூபாய் வீதம் 300. ஆக 900 ரூபாய். இதோடு பூட்டுள்ள ஒரு அலமாரி, ஏற்கெனவே இல்லையென்றால் பழைய சாமான் கடையில் பாருங்கள். இதற்கு மென்பொருள் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் முதல் வருடம் மறுத்துவிடுங்கள்.

பொறி: கூகுள் ஃபார்ம். வசதிதான், நானும் ஆறு மாதம் ஓட்டினேன். ஒருநாள் என் மடிக்கணினியை வீட்டில் வேறொருவர் திறந்தபோது கிளையன்டுகளின் பெயரும் தற்கொலை எண்ணம் பற்றிய பதிலும் திரையில் வரிசையாக இருந்தன. அன்றைக்கே நிறுத்தினேன். இணையத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பெயர், தொலைபேசி எண் எதுவும் இல்லாமல், நீங்கள் கொடுத்த எண்குறியை மட்டும் போடச் சொல்லுங்கள். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியல் தாளில், பூட்டுக்குள் இருக்கட்டும். இணையத்தில் வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் நிரப்பி அனுப்பியதை நீங்கள் மறுநாள் மதியம் பார்ப்பீர்கள். ஏழாவது படியைப் படித்தால் அது ஏன் ஆபத்து என்று தெரியும்.

5. முதல் செஷனில் என்ன சொல்லிக் கொடுப்பது

முதல் தடவை நாம் சொல்லும் நாலு வார்த்தையில்தான் இது நிற்கும் அல்லது விழும். நம் ஊரில் தாளும் எண்ணும் என்றால் பரீட்சைதான் ஞாபகம் வரும். நிரப்பி முடித்ததும் “எத்தனை மார்க் மேடம்?” என்று கேட்பார்கள். நான் சொல்வது இப்படி:

“டாக்டர்கிட்ட போனா முதல்ல பிரஷர் பாக்குறாங்கல்ல, அது மாதிரிதான் இது. இதுல பாஸ், ஃபெயில் கிடையாது. நாம பேசுறது உங்களுக்கு உதவுதான்னு எனக்குத் தெரியணும். உதவலைன்னா நான் மாத்திக்கணும். அதனால எனக்காக நல்லாப் போடாதீங்க. உள்ளது எப்படியோ அப்படிப் போடுங்க.”

‘எனக்காக நல்லாப் போடாதீங்க’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நம்மிடம் வருகிறவர்கள் நம்மை மதிக்கிறார்கள். மதிக்கிறவர் முகத்துக்கு நேரே ‘நீங்கள் சொன்னது வேலை செய்யவில்லை’ என்று சொல்ல வாய் வராது. தாளில் ஒரு கட்டத்தில் டிக் போடுவது அதைவிட எளிது. இந்த எட்டு வருடத்தில், வாயால் ‘பரவாயில்லை’ சொல்லிக்கொண்டே கையால் 17 போட்டவர்களை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

கூட வந்தவர் வெளியே இருக்கட்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் தாளும் பொய் சொல்லும். “இவளுக்குத் தூக்கம்லாம் நல்லா வருது மேடம், நானே போட்டுடுறேன்” என்று பேனாவை வாங்கியவர்களும் உண்டு. மரியாதையாக, “அவங்களே போடட்டும் சார், நீங்க அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க” என்று சொல்லிவிடுங்கள்.

6. எப்போது, எத்தனை நிமிடம்

செஷனுக்கு முன், வரவேற்பில் காத்திருக்கும்போது. கிளையன்டை ஐந்து நிமிடம் முன்னதாக வரச் சொல்லுங்கள். இரண்டு படிவமும் நிரப்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். உள்ளே வந்ததும் நீங்கள் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம், அதைப் பற்றிப் பேச இரண்டு மூன்று நிமிடம். தாளை அவர் கண் முன்னாலேயே பார்த்துப் பேசுங்கள். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தால் மூன்றாவது வாரம் அவர் யோசிக்காமல் டிக் போடத் தொடங்கிவிடுவார், அதில் நியாயமும் உண்டு.

ஒவ்வொரு செஷனிலும் கொடுங்கள். ‘மாதம் ஒரு தடவை போதாதா?’ என்று கேட்பீர்கள். பாதியில் நிற்கிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. மாதம் ஒரு தடவை என்றால் அவருடைய கடைசித் தாளே உங்களிடம் இருக்காது. வாரா வாரம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கேள்விகள் இரண்டு வாரத்தைக் கேட்கின்றன, ஆகவே போன வாரத்தின் கஷ்டம் இந்த வார எண்ணிலும் பாதி இருக்கும். ஒரு வார ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

தாளின் ஓரத்தில் அந்த வாரம் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்’, ‘வேலை போனது’, ‘பொங்கலுக்கு மாமியார் வீடு’. ஆறு மாதம் கழித்து கிராஃபைப் பார்க்கும்போது இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மேடுபள்ளம் எதுவும் விளங்காது.

7. ஒன்பதாவது கேள்வி

பிஎச்க்யூ-9-ன் கடைசிக் கேள்வி, செத்துப்போவதே மேல் என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் கேட்கிறது. கூட்டுவதற்கு முன் இந்தக் கட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 6-ஆக இருக்கலாம், ஆனால் ஒன்பதாவதில் 1 (‘சில நாள்’) இருந்தால்கூட அன்றைய செஷன் அதில்தான் தொடங்க வேண்டும். எதையும் விட அவசரமானது அது.

நேராகக் கேளுங்கள்: “இங்க சில நாள்னு போட்டிருக்கீங்க. சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் தற்கொலை எண்ணம் தூண்டப்படுவதில்லை. வழி, திட்டம், முன்பு முயன்றது, கையில் மாத்திரையோ பூச்சிமருந்தோ இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆபத்து இருந்தால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். இதைப் படிவத்தின் அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

“சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமா?” என்று பலர் கேட்பார்கள். எண்ணம் வருவது குற்றமே இல்லை. முயன்றவர்களையும்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருத வேண்டும் என்று 2017 சட்டத்தின் 115-ம் பிரிவு சொல்கிறது. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதன்பின் பேசுவார்கள்.

படிவங்களை வாங்க ஆரம்பிக்கும் முன்பே உங்கள் பகுதியில் அவசரத்துக்கு அனுப்பக்கூடிய மனநல மருத்துவர் இரண்டு பேரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

8. எண்ணை எப்படிப் படிப்பது

பிஎச்க்யூ-9: 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் ஓரளவு கடுமை, 20 முதல் கடுமை. ஜிஏடி-7: 5, 10, 15 என்று மூன்று படி.

இங்கிலாந்துத் திட்டத்தில் பிஎச்க்யூ-9-ல் 6 எண், ஜிஏடி-7-ல் 4 எண் மாறினால்தான் நம்பத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 16-லிருந்து 14 வந்ததைப் பார்த்து ‘தேறிவிட்டார்’ என்று எழுதாதீர்கள். 16-லிருந்து 9 வந்தால் எழுதலாம். இரண்டு எண்ணின் கூடுதல் குறைவு, அன்று காலை பஸ் கிடைத்ததா இல்லையா என்பதாலும் வரும். ஓஆர்எஸ்ஸில் பெரியவர்களுக்கு 25 எல்லைக்கோடு, அதற்குக் கீழே இருந்தால் உதவி தேவைப்படும் நிலை.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் போய்விடும். 18 எண் எடுத்த இருவரில் ஒருவருக்குத் தூக்கம், பசி, சோர்வு மூன்றும் உச்சத்தில் இருக்கும். இன்னொருவருக்கு ‘நான் உதவாதவன்’ என்ற எண்ணம் உச்சத்தில் இருக்கும். முதல் ஆளுக்குத் தைராய்டு, ரத்தசோகை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். உடம்புக் கோளாறை மனக் கோளாறாக நினைத்துக்கொண்டு மூன்று மாதம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று: இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை கிடையாது. ‘உங்களுக்கு 15, அதனால் டிப்ரஷன்’ என்று சொல்லும் உரிமையை இந்தத் தாள் உங்களுக்குத் தரவில்லை.

எல்லாவற்றுக்கும் 0 போட்டு நீட்டுகிறவர்களும் வருவார்கள். கோபப்படாதீர்கள், சந்தேகப்படுவதுபோல் பார்க்காதீர்கள். “தாள்ல எல்லாம் நல்லா இருக்கு. ஆனா நேத்து அழுதேன்னு சொன்னீங்க. அதை இதுல எங்க வைக்கலாம்?” என்று சேர்ந்து பாருங்கள். மாறாக, எண் குறைந்தால் ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில் கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எப்போது, எப்படி முடிப்போம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

9. எண் குறையவில்லை என்றால்

பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் போகும்போதே மோசமாகிறார்கள் என்று லாம்பர்ட் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். உங்களிடமும் அப்படி ஒருவர் இருப்பார். எனவே நான்காவது செஷனில் கிராஃபை எடுத்துக் கட்டாயம் பாருங்கள். அசையவே இல்லை அல்லது ஏறியிருக்கிறது என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கிளையன்டிடமே தாளைத் திருப்பிக் காட்டிக் கேளுங்கள்: “நாலு வாரமா இது அப்படியே இருக்கு. நான் எதையாவது விட்டுட்டேனா?” இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. முதல் முறை கேட்டபோது அந்த மனிதர் இரண்டு நிமிடம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மேடம், நான் குடிக்கிறதை உங்ககிட்ட சொல்லவே இல்லை” என்றார். நான்கு வாரமாகப் பேசிக்கொண்டிருந்த எதிலும் அது வரவில்லை.

அடுத்து, நமக்கும் அவருக்கும் இடையில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். செஷன் முடியும்போது நிரப்பும் எஸ்ஆர்எஸ் என்ற நான்கு கோட்டுப் படிவம் இதற்காகவே இருக்கிறது. 40-க்கு 36-க்குக் கீழே என்றால் பேச வேண்டும் என்பது அதன் விதி. நம் ஆட்கள் பெரும்பாலும் 40-க்கு 40 போடுவார்கள். ஆகவே படிவத்தோடு நிறுத்தாமல், “இன்னிக்குப் பேசாம விட்டது ஏதாவது இருக்கா?” என்று வாயாலும் கேளுங்கள்.

மூன்றாவது, சூப்பர்வைசர், அதாவது நம் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டும் மூத்த கவுன்சிலர். பிரதியில் பெயரை மறைத்துவிட்டு எடுத்துப் போங்கள். ‘நன்றாகப் போகிறது’ என்று நான் வாயால் சொன்ன கேஸ்களைவிட, கிராஃபை மேசையில் வைத்த கேஸ்களில்தான் எனக்கு உருப்படியான யோசனை கிடைத்திருக்கிறது.

அதன்பிறகும் ஏழெட்டு செஷனுக்குள் அசைவு இல்லை என்றால் மருத்துவரிடமோ வேறு கவுன்சிலரிடமோ அனுப்புவதைப் பேசுங்கள். இது உங்கள் தோல்வி என்று நெஞ்சில் குத்தும். எனக்கு இப்போதும் குத்துகிறது. ஆனால் சொல்லாமல் நின்றுபோகிறவரைவிட, கையில் ஒரு கடிதத்தோடு வேறு இடத்துக்குப் போகிறவர் பத்திரமாக இருக்கிறார்.

10. நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால்

நிர்வாகத்திடம் ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: இந்த எண்களை வைத்துக் கவுன்சிலர்களின் சம்பளத்தையோ தரவரிசையையோ முடிவு செய்ய மாட்டோம் என்று. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதக் கூட்டத்தில் ஆள் வாரியாக எண்களை வாசித்தார்கள். அடுத்த மாதமே எல்லோருடைய எண்களும் அழகாக இறங்கின. கடினமான கேஸ்களை யாரும் எடுக்கவில்லை. பயத்தோடு வாங்கிய எண்ணால் கிளையன்டுக்கு ஒரு பயனும் இல்லை. பள்ளி, கல்லூரியில் என்றால் முதல்வர் அறைக்குப் படிவம் போகாது என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

11. முடிக்கும் நாளில்

கடைசி செஷனுக்கு முந்தைய வாரமே கிராஃபைத் தயார் செய்யுங்கள். கடைசி நாளில் அதைக் கிளையன்ட் பக்கம் திருப்பி வைத்து, எந்த வாரம் ஏன் இறங்கியது, எந்த வாரம் ஏன் ஏறியது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஓரத்தில் எழுதிய அந்த ஒற்றை வரிகள் இங்கேதான் கைகொடுக்கும். நான் அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குகிறேன். கிராஃபின் பிரதி ஒன்றையும் நிரப்பாத படிவம் இரண்டையும் உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று உறையின் மேல் அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு போன். அதற்கான தேதியைக் கடைசி நாளிலேயே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிட்டால் அவருக்கு வசதி என்பதையும் கேட்டு எழுதுங்கள். வேறு யாராவது எடுத்தால் உங்களை யார் என்று சொல்வது என்பதையும்.